விஎஃப்டி போட்ட பிறகு ஏஹெச்யூ மோட்டார் பேரிங் தொடர்ந்து போகிறது. அடிக்கடி பிஎம் செய்வதுதான் தீர்வா?

கேட்பவர்: ஆலத்தூர்_மெயின்டனன்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். ஆலத்தூர் பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு விஷயத்தில் எனக்கும் க்யூஏ (தர உறுதி) பிரிவுக்கும் ஒத்துப்போகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

கிரானுலேஷன், கம்ப்ரெஷன் அறைகளுக்கும் அந்தக் காரிடாருக்கும் சேர்த்துக் காற்று கொடுக்கும் ஏஹெச்யூ (ஏர் ஹேண்ட்லிங் யூனிட்) இது. சப்ளை ப்ளோயர் பெல்ட் டிரைவ். மோட்டார் 15 கிலோவாட், 4 போல், 160எல் ஃப்ரேம். டிரைவ் எண்டில் (புல்லி பக்கம்) 6309, நான்-டிரைவ் எண்டில் (எதிர்ப்பக்கம்) 6209. இரண்டுமே உள்ளே கிரீஸ் வைத்து இருபுறமும் தகடு மூடிய, அதாவது ஷீல்டு போட்ட இசட்இசட் பேரிங், மோட்டாரில் கிரீஸ் நிப்பிள் கிடையாது. முன்பு ஸ்டார்-டெல்டாவில் முழு வேகத்தில் ஓடும், காற்றை டேம்பரில் அடக்கி வைத்திருந்தார்கள். மின்செலவைக் குறைக்க விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) போட்டார்கள். இப்போது 40 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, கிலோவாட் பாதியாக இறங்கிவிட்டது. நிர்வாகத்துக்கு அதில் நல்ல திருப்தி.

ஆனால் அதற்கு முன் பல வருடம் தொடாமல் ஓடிய மோட்டாரில், விஎஃப்டி வந்த பிறகு ஐந்தாறு மாதத்துக்கு ஒரு முறை பேரிங் போகிறது. இது மூன்றாவது தடவை. முதலில் 'கொய்ங்' என்று ஒரு ஊளைச் சத்தம் வரும், சில வாரத்தில் கரகரப்பாகும், பிறகு மோட்டார் சூடேறும். இந்த முறை கம்ப்ரெஷன் நடந்துகொண்டிருக்கும்போதே டிரிப் ஆகிவிட்டது. காரிடாருக்கும் அறைக்கும் இடையில் இருக்க வேண்டிய 15 பாஸ்கல் வித்தியாசம் பூஜ்யத்துக்கு வந்தது. டீவியேஷன் (விலகல் பதிவு) போட்டு, அந்த பேட்ச் ஹோல்டில் நிற்கிறது.

க்யூஏ எழுதிய காப்பா (திருத்த, தடுப்பு நடவடிக்கை) இது: மூன்று மாதத்துக்கு ஒரு முறை இருந்த பிஎம்மை (தடுப்புப் பராமரிப்பை) மாதம் ஒரு முறை ஆக்குவது, மூன்று மாதம் ஆனால் பேரிங் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவது. எஃப்எம்இஏவில் (பழுது வகைகளுக்கு மதிப்பெண் போடும் ரிஸ்க் அட்டவணை) முன்பு சிவியரிட்டி (கடுமை) 7, அக்கரன்ஸ் (எவ்வளவு அடிக்கடி) 4, டிடெக்ஷன் (கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம்) 4, மூன்றையும் பெருக்கி வரும் ஆர்பிஎன் 112. எங்கள் வரம்பு 100. பிஎம்மை அதிகமாக்குவதால் அக்கரன்ஸை 2 என்று போட்டு 56 ஆக்கிவிட்டார்கள். ரிஸ்க் ஏற்கத்தக்கது என்று கையெழுத்தும் ஆகிவிட்டது.

என் சந்தேகம்: ஷீல்டு பேரிங்குக்கு மாதாமாதம் நான் என்ன பிஎம் செய்வது? கையை வைத்து சூடு பார்க்கலாம், பெல்ட் டென்ஷன் பார்க்கலாம், போல்ட் இறுக்கலாம். வெளியாட்கள் வந்து வைப்ரேஷன் எடுத்தார்கள். டிரிப் ஆவதற்குச் சில வாரம் முன்னால்கூட 2.1 மிமீ/விநாடி, 'திருப்திகரம்' என்றுதான் ரிப்போர்ட். இந்த காப்பாவில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. மறுப்பதற்குச் சரியான காரணமும் கையில் இல்லை.

பதில் 1: கோவை_பேரிங்

முதலில் பேரிங் அசல்தானா என்று பாருங்கள் நண்பரே. சந்தையில் போலி ஏராளம், பெட்டியும் லேசர் எழுத்தும் அசல் போலவே இருக்கும். பில்லோடு அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் மட்டும் வாங்குங்கள். பேரிங் உற்பத்தியாளர்கள் சிலர் அசலா என்று பார்க்க மொபைல் செயலி கொடுத்திருக்கிறார்கள், படம் எடுத்து அனுப்பலாம். மோட்டாருக்கு சி3 கிளியரன்ஸ் (சாதாரணத்தைவிடச் சற்றுக் கூடுதல் உள் இடைவெளி) போடுவதுதான் வழக்கம். சாதாரண கிளியரன்ஸ் மாட்டினால் சூடேறும். மாட்டும்போது சுத்தியலால் வெளி வளையத்தில் அடித்தால் அன்றைக்கே பாதி ஆயுள் போய்விடும். பேரிங்கைச் சூடாக்கி மாட்ட இன்டக்ஷன் ஹீட்டர் இருக்கிறதா? பெல்ட் ரொம்ப டைட்டாக இருந்தாலும் டிரைவ் எண்ட் பேரிங்தான் முதலில் போகும்.

பதில் 2: பழைய_மோட்டார்காரர்

தம்பி, கழட்டின பேரிங் எங்கே இருக்கு? நீங்க எழுதினதுல அது ஒண்ணுதான் இல்லை. ஹெர்ட்ஸ் இருக்கு, பாஸ்கல் இருக்கு, ஆர்பிஎன் இருக்கு. மூணு பேரிங் போயிருக்கு, அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு யாரும் பார்த்ததா ஒரு வரி இல்லை. ஸ்கிராப்புக்குப் போயிருந்தா இன்னைக்கே போய்த் தேடி எடுங்க. இப்ப கழட்டினதாவது கண்டிப்பா இருக்கும்.

நான் திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லுகள்ல எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ்லயே காலம் தள்ளினவன். ஹ்யூமிடிஃபிகேஷன் ஃபேன், ரிட்டர்ன் ஏர் ஃபேன், ரிங் ஃப்ரேம் சக்ஷன், எல்லாத்துலயும் கரண்ட் மிச்சம் பண்ண விஎஃப்டி வந்த காலத்துல இதே கதை எங்க பக்கமும் நடந்துச்சு. வேகம் எண்பது சதவீதம்னா ஃபேன் இழுக்கிற பவர் அதோட கனம், 0.8 x 0.8 x 0.8, பாதிக்கு வந்துடும். அந்த மிச்சம் உண்மை, விஎஃப்டி நல்ல சாமான். ஆனா அது மோட்டாருக்குள்ள புதுசா ஒரு வேலையைக் கொண்டு வருது. அதை யாரும் கணக்குல எடுக்கலைன்னா பேரிங் அந்தக் கணக்கைச் சொல்லும்.

முதல்ல பேரிங்கை எப்படித் திறக்கிறதுன்னு சொல்றேன், இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்லை. கழட்டுறதுக்கு முன்னாடியே வெளி வளையத்துல மேல்பக்கம் எதுன்னு மார்க்கர்ல ஒரு கோடு, புல்லி பக்கம் எதுன்னு ஒரு புள்ளி போட்டுக்கங்க. டிரைவ் எண்ட், நான்-டிரைவ் எண்ட் ரெண்டையும் தனித்தனிக் கவர்ல போடுங்க. ஷீல்டைப் பெயர்த்து, கிரீஸைக் கொஞ்சம் வெள்ளைக் காகிதத்துல தடவி வைங்க. அப்புறம் வெளி வளையத்தை எதிரெதிரா ரெண்டு இடத்துல மெல்லிசான கட்டிங் வீல்ல அறுங்க. முழுசா அறுக்காதீங்க, கடைசித் துளி மிச்சம் வச்சு, துணி சுத்தி வைஸ்ல அழுத்தி உடைங்க. கண்ணாடி போடாம இந்த வேலையைத் தொடாதீங்க, அது கடினமான எஃகு, சில்லு பறக்கும். டீசல்ல கழுவித் துடைச்சு, டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சு பந்து ஓடுற தடத்தைப் பாருங்க.

அந்தத் தடம் எல்லாத்தையும் சொல்லும். பெல்ட் ஓவர் டைட்டா இருந்தா, வெளி வளையத்துல பெல்ட் இழுக்கிற பக்கம் மட்டும் தடம் ஆழமா, செதில் உதிர்ந்து இருக்கும். பேரிங் உட்காருற இடம் சாய்வா இருந்தா, தடம் ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கத்துக்குக் கோணலா ஓடும். சுத்தியல்ல அடிச்சு மாட்டியிருந்தா, பந்துக்குப் பந்து எவ்வளவு இடைவெளியோ அதே இடைவெளியில பள்ளம் இருக்கும். ஓடாம நிக்கிற மோட்டார் பக்கத்து மெஷின் அதிர்வுல கெட்டிருந்தாலும் அதே இடைவெளிதான், ஆனா பள்ளத்துல செம்பழுப்புத் தூள் பிடிச்சிருக்கும். வெளி வளையம் ஹவுசிங்குள்ள சுத்தியிருந்தா வெளிப்பக்கம் பளபளன்னு தேய்ஞ்சிருக்கும். கோவைக்காரர் சொன்ன காரணம் எல்லாம் நிஜமான காரணம்தான், ஆனா ஒவ்வொண்ணும் தனி அடையாளம் விட்டுட்டுப் போகும்.

உங்க பேரிங்ல நான் எதிர்பார்க்கிறது வேற. தடத்துல குறுக்குவாட்டுல, நெளித்தகரம் மாதிரி, நெருக்கமா ஒரே சீரான கோடுகள் சுத்திலும். பந்து பளபளப்பு போய் மங்கலா சாம்பல் நிறத்துல இருக்கும். கிரீஸ் கறுப்பாயிருக்கும், கருகின வாடை வரும். அப்படி இருந்தா அது மின்சாரம் பண்ணின வேலை. நீங்க எழுதின ஊளைச் சத்தமும் அதோட பொருந்துது. அந்தக் கோடுகள் மேல பந்து ஓடுறப்ப வர்ற சத்தம் அது.

இது எப்படி வருதுன்னா: நேரடி சப்ளையில மூணு ஃபேஸோட வோல்டேஜையும் எந்த நொடியில கூட்டினாலும் பூஜ்யம். விஎஃப்டி சைன் வேவ் கொடுக்கிறதில்லை, டிசியை வெட்டி வெட்டிக் கொடுக்குது. அந்த வெட்டின வோல்டேஜ் மூணையும் கூட்டினா பூஜ்யம் வராது, மிச்சம் ஒண்ணு நிக்கும். காமன் மோட் வோல்டேஜுன்னு சொல்றது அதைத்தான். வெட்டுற வேகம், அதாவது கேரியர் ஃப்ரீக்வென்சி, எத்தனை கிலோஹெர்ட்ஸோ, விநாடிக்கு அத்தனை ஆயிரம் தடவை அது ஏறி இறங்கும். ஸ்டேட்டர் வைண்டிங்குக்கும் ரோட்டருக்கும் நடுவுல இருக்கிற காற்று இடைவெளி ஒரு கெப்பாசிட்டர். அது வழியா ஷாஃப்ட்ல வோல்டேஜ் ஏறும். பேரிங்குல பந்துக்கும் தடத்துக்கும் நடுவுல இருக்கிற கிரீஸ் படலம் மெல்லிசான இன்சுலேஷன். வோல்டேஜ் அதோட தாங்கும் அளவைத் தாண்டினா படலம் உடைஞ்சு ஒரு பொறி. அந்த இடத்துல எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவுல உருகி ஒரு குழி விழும். ஒரு குழி ஒண்ணும் பண்ணாது. மாசக்கணக்குல ராவும் பகலுமா விழுந்தா, குழிகள் சேர்ந்து, பந்தோட அதிர்வும் சேர்ந்து, அந்தக் கோடுகளா மாறும்.

இப்ப உங்க காப்பாவை வச்சுப் பாருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை புது பேரிங் போட்டாலும் முதல் நாளே பொறி ஆரம்பிச்சுடும். மாசம் ஒரு தடவை போய்ப் பார்த்தா பொறி நிக்கப் போறதில்லை. அக்கரன்ஸ் 4 எதனால 2 ஆச்சு? காரணம் அப்படியே இருக்கு. இதை நீங்க தைரியமா எழுதலாம்.

வைப்ரேஷன் ரிப்போர்ட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. அவங்க எடுத்தது வெலாசிட்டி, அதிர்வோட வேகம். அன்பேலன்ஸ், அலைன்மென்ட், லூஸ் போல்ட்டுக்கு அது நல்ல அளவு. பேரிங் தடத்துல ஆரம்பிக்கிற கோளாறு முதல்ல உயர் ஃப்ரீக்வென்சியில, ஆக்சலரேஷன்லதான் தெரியும். என்வலப் எடுக்கச் சொல்லுங்க, அந்த உயர் ஃப்ரீக்வென்சித் தட்டல்களைத் தனியாப் பிரிச்சுக் காட்டுற அளவு அது. வெளி வளையக் கோளாறோட ஃப்ரீக்வென்சி தோராயமா பந்து எண்ணிக்கை x 0.4 x ஷாஃப்ட் வேகம். எட்டு பந்து, 40 ஹெர்ட்ஸ் சப்ளையில நிமிஷத்துக்கு சுமார் 1,170 சுத்துன்னு வச்சா 62 ஹெர்ட்ஸ் பக்கமும் அதோட மடங்குகளும். அங்க பாக்கச் சொன்னா முன்கூட்டியே மாட்டும். வெலாசிட்டியில தெரியறப்ப பேரிங் ஏற்கனவே பழுதாகி முடிஞ்சிருக்கும்.

பேரிங்கைத் திறந்துட்டு வந்து சொல்லுங்க, மேற்கொண்டு பேசலாம். கேபிள் எப்படி ஓடுது, மோட்டார் பாடியிலேர்ந்து எர்த் எங்க போகுதுன்னும் பார்த்துட்டு வாங்க.

பதில் 3: க்யூஏ_புதுச்சேரி

நான் இன்னொரு கம்பெனியின் தரப்பிரிவில் இருக்கிறேன். உங்கள் க்யூஏ நண்பர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன். மெயின்டனன்ஸ் ஒரு பக்கம், க்யூஏ எதிர்ப்பக்கம் என்று இது நிற்கக் கூடாது. அந்த பேட்ச்சைச் சாப்பிடப்போகிறவரைப் பற்றித்தான் இரண்டு பேரும் கவலைப்படுகிறோம்.

மருந்துத் துறைக்கான சர்வதேச அமைப்பு ஐசிஎச். தர ரிஸ்க் மேலாண்மைக்கான அதன் க்யூ9 வழிகாட்டி 2005ல் வந்தது, 2023 ஜனவரியில் திருத்தப்பட்டது. திருத்தத்தில் முக்கியமாகச் சேர்த்த விஷயங்களில் ஒன்று, ரிஸ்க் மதிப்பீட்டில் புகும் சொந்த அபிப்பிராயத்தை அடக்க வேண்டும் என்பது. ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு உங்கள் 112, 56 நல்ல உதாரணம். வரம்பு 100, வேண்டிய பதில் 100க்குக் கீழே, அதற்காக அக்கரன்ஸ் இறங்கியது. ரிஸ்க்கை மதிப்பிடுவது அறிவியல் அறிவின் அடிப்படையில் இருக்க வேண்டும், கடைசியில் நோயாளியின் பாதுகாப்போடு இணைய வேண்டும் என்பது அந்த வழிகாட்டியின் முதல் கொள்கையே. நம் ஊரிலும் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்திய ஷெட்யூல் எம் (மருந்து உற்பத்தி விதிகள்), தர ரிஸ்க் மேலாண்மையைச் சட்டத் தேவையாகவே ஆக்கிவிட்டது. ஆய்வுக்கு வருபவர் எண்ணைக் கேட்டு நிறுத்தமாட்டார், அந்த எண்ணுக்கு ஆதாரம் கேட்பார்.

ஆர்பிஎன்னைப் பற்றி எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. 1, 2, 3 என்று நாம் கொடுப்பது வரிசை எண். அதைப் பெருக்கினால் வரும் எண்ணுக்கு அளவு என்ற பொருளே கிடையாது. சிவியரிட்டி 10, அக்கரன்ஸ் 2, டிடெக்ஷன் 2 என்றால் 40. மூன்றும் 4 என்றால் 64. வரம்பை 50ல் வைத்தால், ஆளைக் கொல்லக்கூடிய முதல் ரிஸ்க் தப்பிவிடும், இரண்டாவது மாட்டிக்கொள்ளும். வாகனத் தொழிலில் அமெரிக்க அமைப்பான ஏஐஏஜியும் ஜெர்மன் அமைப்பான விடிஏவும் சேர்ந்து 2019ல் கொண்டுவந்த எஃப்எம்இஏ கையேடு ஆர்பிஎன்னையே விட்டுவிட்டு, செயல் முன்னுரிமை அட்டவணைக்கு மாறியது. மருந்துத் துறையில் நாம் இன்னும் பெருக்கிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் எஃப்எம்இஏ அட்டவணையில் இன்னொரு கோளாறு. 'பேரிங் பழுது' என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, பேரிங் ஏன் கெடுகிறது என்ற வரி. அது மெயின்டனன்ஸின் ஆதாரத்தோடு நிரம்பட்டும். இரண்டாவது, ப்ளோயர் நின்றால் அறைக்குள் என்ன ஆகிறது என்ற வரி. அதைத்தான் க்யூஏ உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மாத்திரை ஆலையில் காரிடாரில் அழுத்தம் கூடுதலாக வைப்பதே ஒரு அறையின் பொடி இன்னொரு அறைக்குப் போகாமல் இருக்கத்தான். காற்று நின்றபோது பக்கத்து அறையில் வேறு மருந்து திறந்திருந்ததா? கதவு திறக்கப்பட்டதா? அலாரம் அடித்ததா, அடித்ததை யார் எத்தனை நிமிடத்தில் பார்த்தார், கம்ப்ரெஷன் மெஷின் தானாக நின்றதா, ஆள் நிறுத்தினாரா? ஹோல்டில் இருக்கும் பேட்ச்சின் முடிவு இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

அழுத்த வித்தியாசம் குறைந்தால் மெஷின் நிற்கும்படி ஒரு இன்டர்லாக் கொடுத்தால் டிடெக்ஷன் மதிப்பெண் உண்மையிலேயே குறையும். அதற்குச் செலவும் பெரிதில்லை. சிவியரிட்டி 7 என்பதை மட்டும் யாரும் தொடாதீர்கள். பேரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் கலப்படத்தின் கடுமை மாறாது.

பதில் 4: ஹேங்கர்_தமிழன்

விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நல்ல பேரிங்கைக் கழற்றுவது என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கோஸ்டல் கமாண்டில் சி. எச். வாடிங்டன் என்ற உயிரியலாளர் விமானங்களின் பழுதுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 50 மணி நேரப் பறத்தலுக்கு ஒரு முறை நடக்கும் பரிசோதனை முடிந்து வெளியே வந்த உடனே பழுதுகள் கூடின, பிறகு மெல்லக் குறைந்தன. கழற்றி மாட்டுவதே புதிய கோளாறுகளைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978ல் கொடுத்த அறிக்கையில் விமான பாகங்களின் பழுது எப்படிப் போகிறது என்று வரைந்து காட்டினார்கள். வயது ஏற ஏறப் பழுது கூடும் வகை மொத்தமே 11 சதவீதம். 68 சதவீதம், புதிதாக மாட்டியவுடன் பழுது அதிகம், பிறகு சமமாக ஓடும் வகை. மீதி வகைகளுக்கும் வயதோடு பெரிய உறவில்லை.

அது விமானம், உங்கள் மோட்டாருக்கு அதே சதவீதம் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாள் கணக்கு வைத்து மாற்றுவது தானாகவே நம்பகத்தன்மையைக் கூட்டும் என்ற நினைப்பு அங்கேயே உடைந்துவிட்டது. வருடத்துக்கு நான்கு தடவை புல்லி கழற்றி, எண்ட் கவர் கழற்றி, புது பேரிங் அடித்து, பெல்ட் மாட்டி, அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அதில் ஒவ்வொரு தடவையும் ஒரு தப்பு நடக்க வாய்ப்பு.

பரிசோதனை இடைவெளியைப் பழுது எத்தனை தடவை வந்தது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. முதல் அறிகுறி தெரிவதிலிருந்து நின்றுபோகும் வரை எவ்வளவு காலம் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். உங்களுக்கு ஊளையிலிருந்து டிரிப் வரை சில வாரம்தான் என்றால், அதில் பாதிக்கும் குறைவான இடைவெளியில் என்வலப் எடுத்தால்தான் பயன். மாதம் ஒரு முறை என்பது அதற்கும் போதாது.

கேட்பவர்: ஆலத்தூர்_மெயின்டனன்ஸ்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஸ்டோரில் இந்த முறை கழற்றிய இரண்டு பேரிங்கும், முந்தைய முறை கழற்றிய ஒரு 6309ம் கிடைத்தன. மோட்டார்காரர் சார் சொன்ன மாதிரியே அறுத்துப் பார்த்தோம். 6309 இரண்டிலும் உள் தடம், வெளி தடம் இரண்டிலுமே குறுக்குக் கோடுகள் சுற்றிலும் சீராக இருக்கின்றன. 6209ல் அதே கோடுகள் ஆரம்ப நிலையில். கிரீஸ் கரி போல. பேரிங் அசல்தான், சி3தான். பெல்ட் இழுக்கும் பக்கத்தில் தனியாகத் தேய்மானம் எதுவும் இல்லை.

கேபிளும் பார்த்தோம். விஎஃப்டி பேனலிலிருந்து மோட்டாருக்கு மூன்று தனித்தனி ஒற்றை வயர்கள் கான்டுயிட்டில் ஓடுகின்றன, ஷீல்டு இல்லை. சுமார் 30 மீட்டர் தூரம். மோட்டார் பாடியின் எர்த் பேனலுக்குத் திரும்பி வரவில்லை, மொட்டை மாடியில் இருக்கும் பொது எர்த் பட்டைக்குப் போகிறது. கேரியர் ஃப்ரீக்வென்சி 12 கிலோஹெர்ட்ஸில் வைத்திருக்கிறார்கள்.

ப்ளோயர் பேரிங்குகள் நன்றாக இருக்கின்றன. படங்களை க்யூஏவிடம் காட்டினேன். அவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், காப்பாவைத் திருத்த ஒப்புக்கொண்டார்கள். ஒரு கேள்வி மட்டும் கேட்டார்கள்: ஷாஃப்டில் கிரவுண்டிங் ரிங் (ஷாஃப்டைக் கார்பன் நாரால் தொட்டு மின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் வளையம்) போட்டால் அதிலிருந்து உதிரும் கார்பன் நார் காற்றில் கலந்து அறைக்குப் போகாதா? டீலர் அவுட்புட் சோக் (விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் போடும் காயில்) போட்டால் போதும் என்கிறார். எதைச் செய்வது?

பதில் 5: பழைய_மோட்டார்காரர்

ரொம்ப சந்தோஷம் தம்பி. க்யூஏகாரங்க கூட உட்கார்ந்து பார்த்தாங்கன்னு படிச்சது இன்னும் சந்தோஷம்.

சோக் வேண்டாம். அது நீளமான கேபிள்ல வைண்டிங் இன்சுலேஷனைக் காப்பாத்தும், ஷாஃப்ட் வோல்டேஜைப் பெருசா குறைக்காது. கேபிளைச் சுத்தி ஃபெரைட் வளையம் போடச் சொன்னாலும் அப்படித்தான். பெரிய மோட்டார்ல, நூறு கிலோவாட்டுக்கு மேல, ஷாஃப்ட், ரெண்டு பேரிங், பாடின்னு வட்டமா சுத்துற கரண்டுக்கு அது உதவும். உங்களது சின்ன மோட்டார், கெப்பாசிட்டர்ல ஏறி பொறியா விழுற வகை.

கேபிளை மாத்துங்க. மூணு ஃபேஸும் சமச்சீரா இருக்கிற ஷீல்டு கேபிள், ரெண்டு முனையிலயும் ஷீல்டு சுத்துவட்டம் முழுக்க கிளாண்டை (கேபிள் நுழையிற உலோகப் பிடி) பிடிக்கணும். ஷீல்டைப் பின்னி வாலா முறுக்கி ஒரு லக்ல மாட்டினா உயர் ஃப்ரீக்வென்சிக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான். மோட்டார் பாடியிலேர்ந்து ஏஹெச்யூ ஃப்ரேமுக்குப் பின்னல் பட்டை ஒண்ணு, அகலமா, குட்டையா. எர்த் பேனலுக்கே திரும்பி வரணும். ஏற்கனவே இருக்கிற பாதுகாப்பு எர்த்தைக் கழட்டிடாதீங்க, இது அதுக்கு மேல. கேரியரை 12லேர்ந்து 4க்கு இறக்குங்க. மோட்டார்ல கொஞ்சம் இரைச்சல் கூடும், ஏஹெச்யூ அறையில யாருக்கும் தொந்தரவில்லை. விநாடிக்கு விழுற பொறியோட எண்ணிக்கை குறையும்.

இதெல்லாம் குறைக்கும், நிறுத்தாது. நிறுத்தணும்னா ரெண்டு வழி. கிரவுண்டிங் ரிங் ஒண்ணு, இந்த அளவு மோட்டாருக்கு எந்த முனையில போட்டாலும் சரி. ஷாஃப்ட்ல அந்த இடத்துல பெயின்ட், துரு, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. இல்லைன்னா ரெண்டு முனையிலயும் ஹைப்ரிட் பேரிங், பந்து மட்டும் சிலிக்கான் நைட்ரைடு. விலை பல மடங்கு, ஆனா பொறி தாண்ட வழியே இல்லை. உங்க ப்ளோயர் பெல்ட் டிரைவ், அதனாலதான் ப்ளோயர் பேரிங் தப்பிச்சிருக்கு. கப்ளிங்கா இருந்தா மோட்டாரை மட்டும் இன்சுலேட் பண்றப்ப கரண்ட் அந்தப் பக்கம் போகும், அதையும் யோசிக்கணும். பெல்ட்டு மாத்துறப்ப ஆன்டிஸ்டேட்டிக் பெல்ட்டே கேளுங்க.

கார்பன் நார் கேள்வி நியாயமான கேள்வி, அதைக் கேட்டவங்களை மதிக்கிறேன். மோட்டார் ஏஹெச்யூ பெட்டிக்குள்ள காத்தோட்டத்துலதான் இருக்குன்னா, அதுக்கு அப்புறம் என்ன ஃபில்டர் இருக்குன்னு பாருங்க. அறை வாசல்ல ஹெப்பா (மிக நுண்ணிய ஃபில்டர்) இருந்தா நார் அதைத் தாண்டாது, அதையே காரணமா சேஞ்ச் கன்ட்ரோல்ல (மாற்றத்துக்கான ஒப்புதல் பதிவு) எழுதலாம். ஃபைன் ஃபில்டர் மட்டும்தான், அதுவும் ப்ளோயருக்கு முன்னாடின்னா, நான் உங்க இடத்துல இருந்தா ரிங்கை விட்டுட்டு ஹைப்ரிட் பேரிங்குக்கே போவேன். மருந்து ஆலையில காத்துக்குள்ள உதிரக்கூடிய ஒரு சாமானைப் புதுசா வைக்கிறதைவிட அந்தக் காசு கொடுக்கிறது மேல்.

போட்டதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஷாஃப்ட் வோல்டேஜ் எடுத்து வைங்க. ஆசிலோஸ்கோப், ஷாஃப்ட்டைத் தொடுற நார் பிரஷ் உள்ள ப்ரோப், மோட்டார் பாடி எர்த். ஓடுற ஷாஃப்ட் பக்கத்துல வேலை, தளர்வான சட்டைக் கை, கயிறு எதுவும் இருக்கக் கூடாது, பழகினவர் மட்டும் எடுக்கணும். ஒண்ணு, ஹைப்ரிட் போட்டா ஷாஃப்ட் வோல்டேஜ் குறையாது, அது அப்படியே நிக்கும், போக வழி மட்டும்தான் அடைபடும். அந்தப் படத்தைப் பார்த்து வேலை செய்யலைன்னு யாராவது எழுதிடாம முன்கூட்டியே ரிப்போர்ட்ல சொல்லி வைங்க. ரிங் போட்டாத்தான் அலை தட்டையாகும்.

ஹேங்கர்காரர் சொன்னதோட நான் முழுக்க ஒத்துப்போறேன், ஒரே ஒரு இடத்தைத் தவிர. திருத்தம் பண்ணி ஆறு மாசம் கழிச்சு வர்ற ஷட்டவுன்ல, சத்தம் இல்லாம நல்லா ஓடிட்டிருந்தாலும் அந்த 6309ஐக் கழட்டி அறுத்துப் பாருங்க. ஒரே ஒரு தடவை. தடம் பளபளன்னு இருந்தா அந்தப் படம்தான் அக்கரன்ஸை 2 ஆக்குறதுக்கு ஆதாரம், காப்பாவை அன்னைக்கு மூடச் சொல்லுங்க. மங்கலா இருந்தா எர்த் பட்டையிலேர்ந்து மறுபடி தேடணும்.